வையம்பட்டித் தூண்

ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்து முடித்த நேரத்தில் என் கணவர் ரெங்கராஜ் மாடியேறி வந்து, "எல்லாம் ஃபோர்-கேல வரணும் பானு" என்றார். ஃபோர்-கே என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. டிவி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சொன்ன வார்த்தை. பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து வெங்காயம் நீங்கலாக எதை வாங்கினாலும் ஃபோர்-கேவா என்று கேட்கிறார். "வரும்" என்றேன். காந்தி மார்க்கெட்டில் இருக்கும் எங்கள் குடும்ப மண்டியில் வாழைத்தாரைத் தட்டிப் பார்ப்பது போல ஸ்கேனரின் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவர் தட்டிய இடத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மறுபடியும் துடைத்தேன்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் இருக்கும் இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இந்த மாடி அறை ஒன்றுதான். எலி வளையானாலும் தனி வளை. கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிறேன். மனிதர்கள்மேல் மரியாதை குறைய வேண்டுமானால் இதைவிட நல்ல தொழில் கிடையாது. மாப்பிள்ளைக்குத் தாடை இரண்டாக இருக்கிறது, ஒன்றாக்கு. பெண்ணின் அக்கா கறுப்பாக இருக்கிறாள், வெளுப்பாக்கு. சித்தப்பாவோடு சண்டை வந்துவிட்டது, அவரை எடு. ஆளை எடுப்பது என்பது எங்கள் தொழிலில் தினப்படி வேலை. கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி சுலபமாகச் சொல்வார்கள். எடுத்தபிறகு அந்த இடம் ஓட்டையாகத் தெரியக்கூடாது என்று பக்கத்தில் இருப்பவர்களை நெருக்கி வைப்பேன். ஒட்டி உரசி நிற்கும் அந்தக் குடும்பத்தைப் பார்த்து, "எவ்வளவு ஒத்துமையா இருக்கோம் பாருங்க" என்று பூரித்துப்போவார்கள்.

இப்போது என் வீட்டு வேலையே என்னிடம் வந்திருக்கிறது. முக்கொம்பு போகிற ரோட்டில் என் மாமனார் தர்மராஜ் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். அவருடைய அப்பா பெயரில், வீரமலை மஹால். வையம்பட்டியில் கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த வீரமலைக்குத் தன் பெயருக்குப் பின்னால் மஹால் வரும் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது. தை மாதம் திறப்பு விழா. உள்ளே நுழைந்ததும் எதிரே இருக்கும் பெரிய சுவரில் இரண்டு படங்கள், ஆளுயரத்துக்கு. இடது பக்கம் தாத்தா காலத்துக் குடும்பப் படம். வலது பக்கம் இந்தக் காலத்துக் குடும்பப் படம். இரண்டையும் தயார் செய்ய வேண்டியது நான்.

இடது பக்கப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பழைய பிரிண்ட் ஒன்று எங்கள் ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. செக்கு ஆரம்பித்த அன்று வையம்பட்டி வீட்டு வாசலில் எடுத்தது. வீரமலை நாற்காலியில் முறைத்தபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அவர் சம்சாரம், பின்னால் தம்பிமார்கள், தம்பிமார்களின் சம்சாரங்கள், காலடியில் இரண்டு குழந்தைகள். வலது ஓரத்தில் ஒரு வெள்ளைத் தூண். தூணை ஒட்டி எட்டு வயதுப் பையனாக என் மாமனார். அவருடைய ஒரு கை தூணுக்குப் பின்னால் போய் மறைந்திருக்கும். "அந்த வயசுலயே தூணைப் புடிச்சுட்டு நின்னாரு பாருங்க, இன்னைக்கு இந்தக் குடும்பத்துக்கே தூணா நிக்கிறாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் ரெங்கராஜ் சொல்வார். எனக்குக் கல்யாணமாகி வந்த அன்று கேட்டேன். போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னதையும் கேட்டேன்.

அந்தத் தூணின் பெருமை அதோடு நிற்காது. ஒரே கல்லில் செதுக்கியது, மேலிருந்து கீழாக வரிவரியாக இழைத்த வேலைப்பாடு, அப்படி ஒன்று ஜில்லாவிலேயே கிடையாது, வீட்டை இடித்தபோது எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான், இப்படி. நான் வையம்பட்டிக்குப் போயிருக்கிறேன். அந்தத் தெருவில் மிச்சமிருக்கிற பழைய வீடுகள் எல்லாம் ஓட்டு வீடுகள். மரக்கால் நட்டுக் கூரை போட்டவை. எண்ணெய் வாணியன் தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும், அதுவும் ஒற்றையாக, கல்தூண் எங்கிருந்து வந்தது என்று இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காததோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. மஹால் வாசலில் வரிசையாக அதே மாதிரித் தூண்களை எழுப்பிவிட்டார்கள். மேஸ்திரி ஹாலுக்கு வந்து பிரிண்டைப் பார்த்துப் பார்த்து அந்த வரிகளைச் சிமெண்டில் இழைத்தார். திறப்பு விழாப் பத்திரிகையில் லோகோகூட அந்தத் தூண்தான்.

வலது பக்கப் படத்தில் விவகாரம் வேறு. போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில் எடுத்தது. மாமனார் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பது அவருடைய மகள் ஆனந்தவள்ளி, என் நாத்தனார். ஆவணி மாதம் அவள் தன்னோடு வேலை பார்க்கும் ஆசீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஆசீர் வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவர். அமைதியானவர், பேசினால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். இந்த வீட்டு ஆண்களோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய விஷயம். கல்யாணமான அன்றைக்கே வள்ளியின் பேச்சு இந்த வீட்டில் நின்றுபோனது. அவள் தட்டு, டம்ளர், துணிமணி எல்லாம் பரணுக்குப் போயின. "வள்ளியை எடுத்துடு. அப்பா சொல்லிட்டாரு" என்றார் ரெங்கராஜ். கூடப் பிறந்த தங்கையை.

அன்று மதியமே வள்ளி போன் செய்தாள்.

"அண்ணி, திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடுவாங்களா?"

"தெரியல வள்ளி."

"கூப்பிடலைன்னா போகுது. அந்தப் படத்துல நான் இருப்பேன்ல அண்ணி? அப்பா தோள்ல கை வச்சுக்கிட்டு?"

நான் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கெமிஸ்ட்ரி படித்த பெண். "சரி அண்ணி, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் ஆளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எடுக்கப்பட்ட ஆள் போன் செய்து கேட்டது அதுதான் முதல் தடவை. கோபத்தைக் காட்ட ஆள் இல்லாமல் கையிலிருந்த அறைச் சாவியை மேஜையில் வீசினேன்.

அதனால் வலது பக்கப் படத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இடது பக்கத்தை எடுத்தேன். ஹாலில் இருக்கும் பிரிண்டைப் பெரிதாக்கினால் கொசகொசவென்று வரும். நெகட்டிவ் வேண்டும். படம் எடுத்தவர் பெரிய கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த மீரான் பாய். அவர் காலமாகிப் பல காலமாகிறது. மகன் நவ்ஷாத் பாய் அதே இடத்தில் மொபைல் கவர் விற்கிறார். பழைய நெகட்டிவையெல்லாம் தகரப் பெட்டிகளில் போட்டு மச்சில் ஏற்றியிருந்தார். தேடி எடுத்துத் தூசி தட்டி, பட்டர் பேப்பர் உறையோடு கையில் கொடுத்தார்.

"ஒரு ஓரத்துல செவப்பு மை பூசியிருக்கும்மா. அத்தா பூசினது. ஈரக்கை வச்சிராதீங்க, கரைஞ்சு போயிரும்."

"எதுக்குப் பூசினாங்க பாய்?"

"அது என்னத்தக் கண்டோம்? எங்கத்தா பூசாத படம் உண்டா? வெள்ளைச் சட்டை வெள்ளையா விழணும்னாக்கூடப் பூசுவாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவருக்கு ஒரு கவரை எடுத்துக் காட்டத் தொடங்கினார்.

நெகட்டிவ் என்றால் சுருளாக, கட்டம் கட்டமாக இருப்பதைத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். இது அப்படியில்லை. ஒரு நோட்டுப் பக்கத்தின் அளவுக்கு ஒரே தாள், ஒரே படம். பெரிய மரப்பெட்டிக் கேமராவில் ஒரு தடவைக்கு ஒன்றுதான் எடுக்க முடியும். ஒன்றுதான் என்பதால் அந்த ஒன்றில் எல்லாமே விழுந்திருக்கும். வீரமலையின் காதுமயிரைக்கூட எண்ணிவிடலாம். இதை ஸ்கேன் செய்யச் சாதாரண ஸ்கேனர் ஆகாது. மூடியிலும் விளக்கு இருக்கவேண்டும், வெளிச்சம் ஃபிலிமை ஊடுருவி வரவேண்டும். ஃபிலிமில் பளபளப்பான பக்கம் ஒன்று, மங்கல் பக்கம் ஒன்று. மாற்றி வைத்தால் இடம் வலமாகி எல்லாப் பெண்களின் முந்தானையும் வலது தோளுக்குப் போய்விடும். கண்ணாடியில் அப்படியே படுக்க வைத்தால் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல வளையம் வளையமாக விழும். கறுப்பு அட்டையில் சட்டம் வெட்டி, கண்ணாடியைத் தொடாமல் ஒரு நூலளவு உயர்த்தி வைத்தேன். ஊதுபந்தால் தூசியை ஊதினேன். இவ்வளவு பக்குவமும் ஒரு கடலை எண்ணெய் வியாபாரியின் முறைப்பை ஆளுயரத்துக்கு ஆக்குவதற்காக என்று நினைத்தபோது எனக்கே என்மேல் இளக்காரமாக இருந்தது.

விளக்கில் வைத்துப் பார்த்தபோது தூண் இருந்த இடம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாகப் பூசி, நடுநடுவே மெல்லிய இடைவெளி விட்டிருந்தார் மீரான் பாய். கல்தூண் இன்னும் வெள்ளையாக எடுப்பாக விழட்டும் என்று செய்திருப்பார் என்றுதான் நினைத்தேன். வீரமலைக்கு எடுப்பு தேவைப்பட்டிருக்கும். இந்த வம்சத்துக்கே அது ஒரு வியாதி.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று நிறைய பேர் கறுப்பு வெள்ளையிலேயே ஸ்கேன் செய்துவிடுவார்கள். நான் கலரில் செய்வேன். பழைய ஃபிலிமில் மருந்து சரியாகக் கழுவப்படாமல் மஞ்சள் கறை படிந்திருக்கும். கலரில் எடுத்தால் அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். மஞ்சள் கறை நீல அடுக்கில்தான் அப்பிக்கொண்டு நிற்கும். சிவப்பு அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டால் கறை இருந்த இடம் தெரியாது. ஸ்கேனர் முனகிக்கொண்டே ஒரு கடைசியிலிருந்து மறுகடைசிக்கு நகர்ந்து முடித்தது. படத்தைத் திறந்தேன். வீரமலையின் சம்சாரத்தின் முகத்தில் தேமல் மாதிரி கறை. நீலத்தை அணைத்தேன். பச்சையை அணைத்தேன். கறை போயிற்று. தூணும் போயிற்று.

தூண் இருந்த இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். கட்டம் போட்ட தாவணி. பின்னலை முன்னால் இழுத்து விட்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கேமராவுக்குப் பயந்து விறைத்து நிற்க, இவள் மட்டும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதலில் வேறு படம் கலந்துவிட்டதோ என்றுதான் பார்த்தேன். நீலத்தையும் பச்சையையும் மறுபடி போட்டேன், தூண் வந்தது. அணைத்தேன், பெண் வந்தாள். பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்தக் காலத்தில் பிரிண்ட் போட்ட காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. அதற்குச் சிவப்பு மையும் சுவரும் ஒன்று, வெளிச்சம் தாண்டாமல் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். என் ஸ்கேனருக்குச் சிவப்பு தெரியும். மீரான் பாய் கட்டிய சுவர் அதற்குக் கண்ணாடிக் காகிதம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒரு முழுப் பெண்ணை மறைத்து, தலைக்குமேல் உத்தரம்வரை நீட்டி, தூண் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மை பூசாமல் விட்ட இடைவெளிகளில் தெரிந்த சாம்பல் கோடுகள்தான் வேலைப்பாடு. அவை அவளுடைய தாவணி மடிப்புகள். மேஸ்திரி பார்த்துப் பார்த்துச் சிமெண்டில் இழைத்தாரே, அது. முக்கொம்பு ரோட்டில் வரிசையாக நிற்கிறதே, அது. லோகோவில் தங்க மையில் அடித்திருக்கிறதே, அது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அறைக்கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிறுவனின் கையைப் பெரிதாக்கினேன். எண்பதை எட்டப்போகிற என் மாமனாரின் எட்டு வயதுக் கை. தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கிறதே என்று வீடே கொண்டாடிய கை. அது அந்தப் பெண்ணின் விரல்களுக்குள் விரல் விட்டுப் பிடித்திருந்தது. சும்மா பிடிப்பு இல்லை. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடிப்பு. அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை டிபனுக்குப் பிறகு மாமனார் மாடியேறி வந்தார். படிக்கட்டில் அவர் செருமுவது கேட்டது. படத்தை மூடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மூடவில்லை. இந்த மனிதரைப் பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். அவர் எதற்காவது வெட்கப்பட்டு நான் பார்த்தது கிடையாது. இதற்காவது படட்டுமே என்று இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தூண் எங்கம்மா?"

"தூணே இல்ல மாமா. எப்பவும் இருந்ததில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டினார். கீழே யாரோ குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"இவங்க யாரு மாமா?"

"மயிலம்மா" என்றார். "எங்க அக்கா."

இந்தக் குடும்பத்தில் பூஞ்சோலை என்று பேர் வைத்து வளர்த்த பசு செத்த வருஷம்கூட எனக்குத் தெரியும். மயிலம்மாள் என்ற பெயரை அன்றுதான் கேட்கிறேன்.

"அவளுக்குக் கை வேர்க்கும்" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே. "படம் புடிக்கறப்போ விடுறா விடுறான்னா. நான் விடல. வழுக்கிக்கிட்டே இருந்துச்சு."

"எங்க போனாங்க?"

"மருங்காபுரி பக்கத்து ஆளு ஒருத்தன். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. நம்ம ஆளுக இல்ல. ஒரு நா வெள்ளன பஸ்ஸேறிப் போயிட்டா. அப்பா நேரா திருச்சிக்குப் போயி மீரான்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டாரு. புதுப் படம் வந்துச்சு. என்னைக் கூப்பிட்டு, இதுல எத்தனை பேரு இருக்காங்க எண்ணுடான்னாரு. எண்ணுனேன். சரியா எண்ணிட்டேன்னு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் குடுத்தாரு."

"இப்ப அவங்க...?"

"எந்த ஊர்ல செத்தாளோ."

இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. மண்டியில் அழுகின தாரைப் பற்றிச் சொல்லும் குரல்தான். ஆனால் கை மட்டும் முழங்காலின்மேல் மூடித் திறந்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது, அதை மறைப்பானேன். அடுத்து அவர் பேசியதில் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"தூணை வச்சே போட்டுரும்மா. மஹால்ல அத்தனை தூணு நிக்குது. இப்பப் போயி அது தூணில்லன்னா ஊரு வாயால சிரிக்காது." எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். "அந்தப் புதுப் படம். வள்ளியை எடுக்கச் சொல்லியிருக்கேன்ல."

"ஆமாங்க மாமா."

"எடுத்துட்டு ஆளுகளை நெருக்கி வச்சுராத. அந்த எடத்தை அப்படியே விட்டு வை."

இறங்கிப் போய்விட்டார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடம் விடுகிறாராம்! பெற்ற மகளை வாசலோடு நிறுத்திவிட்டு அவள் நின்ற இடத்துக்கு மட்டும் பட்டா கொடுக்கிறார். அப்பா ஆளை எடுத்துத் தூணை வைத்தார். மகன் ஆளை எடுத்துக் காற்றை வைக்கிறார். இதுதான் இந்த வம்சம் மூன்று தலைமுறையில் கண்ட முன்னேற்றம். அந்தக் காற்றையும் என் மகன் காலத்தில் யாராவது பார்த்து, "அங்க ஒரு ஜன்னல் இருந்துச்சு, தேக்கு ஜன்னல்" என்று சொல்லி, அதே மாதிரி பத்து ஜன்னல் வைத்து மஹாலுக்கு மாடி எடுப்பார்கள். இவர்கள் எடுப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் சொன்னது "ஆமாங்க மாமா" மட்டும்தான். செய்கிறேன் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்த வித்தியாசத்தைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

தூண் வைத்த படம் ஒன்று, வள்ளியை எடுத்து இடம் விட்ட படம் ஒன்று, இரண்டையும் ரெங்கராஜின் போனுக்கு அனுப்பினேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கி, அப்பாவின் வேட்டிக் கரையைப் பார்த்து, "ஃபோர்-கேதான்" என்று திருப்தியானார். வள்ளி இருந்த இடத்தில் ஏன் இவ்வளவு வெற்றிடம் என்றுகூடக் கேட்கவில்லை. பாலக்கரையில் பிரிண்ட் போடுகிற இடத்துக்கு நான் அனுப்பியவை வேறு இரண்டு. மயிலம்மாள் இருக்கிற படம். வள்ளி இருக்கிற படம். மாட்டுகிறவர்கள் வந்த அன்று நானே மஹாலுக்குப் போய்க் கூடவே நின்று, மாட்டிய கையோடு இரண்டையும் மஞ்சள் பட்டுத் துணியால் மூடச் செய்தேன். பிறகு வள்ளிக்குப் போன் செய்தேன். "படத்தைத் தொறக்கிற நேரத்துக்கு வா. யாரும் கூப்பிடல. நான் கூப்பிடறேன்" என்றேன்.

திறப்பு விழாவுக்கு வந்திருந்த கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? பசுவை உள்ளே விட்டார்கள். அது புத்தியுள்ளது, வாசல் தூணைப் பார்த்ததும் சாணி போட்டது. பால் காய்ச்சினார்கள். ஒரு கவுன்சிலர் வந்து, தூண்களைப் பார்த்து, "பழமை மாறாமக் கட்டியிருக்கீங்க" என்றார். ரெங்கராஜ் வையம்பட்டித் தூணின் வரலாற்றை அவருக்கு முதலிலிருந்து ஆரம்பித்தார். உறவுக்காரர்கள் ஒரு கண்ணால் மேடையையும் ஒரு கண்ணால் சாப்பாட்டுக் கூடத்தின் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கேசரி வாசனை வந்தது.

மாமனார் இடது பக்கக் கயிற்றை இழுத்தார். துணி ஒரு முனையில் மாட்டி, ஒரு உதறலில் விழுந்தது. கை தட்டினார்கள். "தாத்தா மீசையைப் பாரு" என்றார் ஒருவர். "எங்கப்பாதான் ரெண்டாவது வரிசை" என்றார் இன்னொருவர். படத்தில் அவரவர் தன் ஆளைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், அடுத்த கணம் கதவைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய சுவரில், அவ்வளவு வெளிச்சத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. இவர்களுக்குப் பயந்தா மை பூசினார்கள்? பூசாமலே விட்டிருக்கலாம்.

ரெங்கராஜ்தான் முதலில் என் பக்கம் திரும்பினார். "பானு, தூண் எங்க?"

"சுத்தி இத்தனை நிக்குதே, போதாதா?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. கவுன்சிலர் பக்கத்தில் இருந்ததால் சிரித்துக்கொண்டே, "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்று பல்லுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு, விவகாரத்தை அமுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். சீக்கிரமாக அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். வலது பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தேடினார்.

மாமனார் படத்தின் அருகே போய்விட்டிருந்தார். படத்திலிருக்கும் பையன் அவருடைய மார்பு உயரத்துக்கு நின்றான். மயிலம்மாள் அவருடைய காது வரைக்கும் இருந்தாள். அவர் லேசாகக் குனிந்து இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். இரண்டு கைகளும் கோத்திருந்த இடம் அந்த உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பெரியவர் அசதிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"ஐயா, அந்தக் கையை மட்டும் எடுத்துக்குங்க, படத்தை மறைக்குது" என்று வீடியோக்காரர் குரல் கொடுத்தார்.

அவர் எடுக்கவில்லை. ரெங்கராஜ் வலது பக்கக் கயிற்றை நீட்டி இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் இன்னொரு கையில் திணித்தார். "இழுங்கப்பா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க." மாமனார் கயிற்றைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தத் துணிக்குப் பின்னால் இடம்தான் விட்டிருக்கிறேனா என்று என் முகத்தில் தேடினார். நான் முகத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

முதல் தூணை ஒட்டி வள்ளி நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியிருக்கவில்லை. ஒரு கை அந்தச் சிமெண்ட் மடிப்புகளின்மேல் இருந்தது. அவளுக்குப் பின்னால் படியில் ஆசீர், கையில் பழத்தட்டு.

சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. சுவரில் வைத்த கையை எடுக்காமலே என் மாமனார் கயிற்றை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.